ஒரே கரிக்கட்டி, இரண்டு வகுப்பு

வேதியியல் துறைகளின் ‘ஐ.வி.’ (தொழிலகச் சுற்றுலா) பட்டியலில் நெய்வேலிக்கு எப்போதும் இடம் உண்டு. பேருந்து வருகிறது, மாணவர்கள் சுரங்க விளிம்பில் நின்று வாளிச்சக்கர எந்திரத்தைப் பார்க்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள், ஊர் திரும்பி நான்கு பக்க அறிக்கை எழுதுகிறார்கள். அதில் மெகாவாட் இருக்கும், டன் கணக்கு இருக்கும். வேதியியல் மட்டும் இருக்காது.

இதில் மாணவர் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. முதலாண்டுப் பொது வேதியியலும், மூன்றாம் ஆண்டின் வெப்ப இயக்கவியலும் கருவிவழிப் பகுப்பாய்வும் நம் கால அட்டவணையில் ஒன்றையொன்று அறியாமல் கிடக்கின்றன. செமஸ்டர் முடிந்ததும் முதலாண்டுப் புத்தகம் ஜூனியரிடம் போய்விடுகிறது. அதில் படித்ததும் அதோடு போய்விடுகிறது. முதலாண்டில் கையிலெடுத்த பொருளையே மூன்றாம் ஆண்டில் மறுபடி கையிலெடுத்து, அன்று விடை வராமல் நின்ற இடத்திலிருந்து கேட்கத் தொடங்குவதுதான் உயர்நிலை வேதியியல் என்பது நம் கருத்து. அதற்குப் பழுப்பு நிலக்கரியைவிடத் தோதான பொருள் கடலூர் மாவட்டத்தில் இல்லை. நெய்வேலி நகரியத்திலேயே ஜவகர் அறிவியல் கல்லூரி இருக்கிறது. விருத்தாசலம், கடலூர், சிதம்பரம் கல்லூரிகளும் பேருந்தில் போய்வரும் தொலைவில்தான் இருக்கின்றன.

நெய்வேலியின் வரலாறே ஒரு வேதியியல் பாடத்திட்டம். 1956-இல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் கரி வெளிப்பட்டது. மறு ஆண்டே மின்சாரம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கரியை வளிமமாக்கி அம்மோனியாவும் யூரியாவும் செய்த உரத் தொழிற்சாலையும், ‘லெகோ’ என்ற பெயரில் கரியை விற்ற கார்பனாக்கும் ஆலையும் எழுந்தன. நீர்வளிமம், ஹேபர் முறை, யூரியாத் தொகுப்பு ஆகிய மூன்று சமன்பாடுகளும் ஒரே வளாகத்தில் நடந்தேறிய ஊர் இது. அந்த இரு ஆலைகளும் மூடி இருபதாண்டுகளுக்கு மேலாகிவிட்டன. இன்று கரி பெரும்பாலும் கொதிகலனுக்கே போகிறது. ஆலையில் பார்க்கக் கிடைத்த வேதியியலை இனி ஆய்வகத்தில்தான் காட்ட முடியும்.

எளிய சோதனையிலிருந்து தொடங்கலாம். ஒரு கிராம் கரித்தூளை எடைபோட்டு, 105 முதல் 110 டிகிரி வரையிலான சூட்டில் உலர்த்தி, டெசிகேட்டரில் ஆறவைத்து, மறுபடி எடைபோட வேண்டும். முதலாண்டு மாணவர் எவரும் செய்யக்கூடியதுதான். நெய்வேலிக் கரியில் பாதிக்குப் பாதி ஈரம் என்பதைத் தராசே சொல்லிவிடும். ஆனால் ‘நிலையான எடை வரும்வரை’ என்று ரெக்கார்டு நோட்டில் எழுதுகிறோமே, காற்று அடுப்பில் நெடுநேரம் வைத்தால் அந்த நிலையான எடை பிடிபடாது. குறைந்துகொண்டே வந்த எடை ஒரு கட்டத்தில் மெல்ல ஏறத் தொடங்கும். இளங்கரி காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது. நைட்ரஜனில் உலர்த்தினால் இந்தத் தொல்லை இல்லை. முதலாண்டில் அந்த எண்களை அடித்துத் திருத்தாமல் அப்படியே எழுதிவைக்கச் சொல்லுங்கள். மேற்பரப்பு வேதியியலும் வினைவேகவியலும் நடத்தும் ஐந்தாம் செமஸ்டரில் அதே பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள்.

அதே ஈரத்தை வைத்து இன்னொரு கணக்கும் போடலாம். ஒரு கிலோ கரியில் அரை கிலோ நீர் என்றால் சுமார் 27.8 மோல். ஒரு மோல் நீரை ஆவியாக்க 44 கிலோஜூல் வேண்டும். மொத்தம் ஏறத்தாழ 1,220 கிலோஜூல், அதாவது 290 கிலோகலோரி. கரியின் வெப்ப மதிப்போ கிலோவுக்கு 2,700 கிலோகலோரி அளவில்தான். பத்தில் ஒரு பங்குக்கு மேல் தன் ஈரத்தை விரட்டவே செலவாகிறது. மோல் கணக்கு முதலாண்டுப் பாடம். மொத்த வெப்ப மதிப்புக்கும் நிகர வெப்ப மதிப்புக்கும் உள்ள வேறுபாடு மூன்றாம் ஆண்டுப் பாடம். பாம் கலோரிமீட்டர் இல்லாத கல்லூரியிலும் இந்தக் கணக்கை நடத்த முடியும்.

மூன்றாவது எடுத்துக்காட்டு விளையாட்டில்லை. நெய்வேலிச் சுற்றுவட்டார நீரில் பாதரசம் இருப்பதாகப் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் மந்தன் அத்யயன் கேந்திராவும் 2023-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டன. அதன் முடிவு சரியா தவறா என்று தீர்ப்பு எழுதுவது இத்தலையங்கத்தின் வேலையல்ல. ஆனால் அந்த ஊர்களின் பிள்ளைகள்தான் நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். குடிநீரில் பாதரசத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் அளவு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். இந்த எண்ணைப் படித்துப் புரிந்துகொள்ள முதலாண்டுச் செறிவுக் கணக்கு போதும்; அப்படி ஓர் அளவை நம்பலாமா என்று கேட்க அது போதாது. மெர்குரிக் உப்புக்கு ஸ்டேனஸ் குளோரைடு சேர்த்தால் முதலில் வெண்மையாகவும் பிறகு சாம்பல் நிறமாகவும் வீழ்படிவு வரும் என்று உப்புப் பகுப்பாய்வில் நடத்துகிறோம். குளிராவி அணு உறிஞ்சல் முறையில் பாதரசத்தை உலோக ஆவியாக மாற்றுவதும் அதே ஸ்டேனஸ் குளோரைடுதான். அந்த ஆவியை 253.7 நானோமீட்டரில் அளக்கிறார்கள். வினை ஒன்றே. பிளாங்க் ஓட்டினார்களா, மாதிரியை எந்த அமிலமிட்டு எந்தப் புட்டியில் வைத்தார்கள், கருவி கண்டறியக்கூடிய கீழ்வரம்பு எவ்வளவு என்று கேட்கத் தெரிவதில்தான் இரண்டு வகுப்புக்கும் வித்தியாசம். அறிக்கையை வெளியிடுபவரிடமும் மறுப்பவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கத் தெரிந்த பட்டதாரி அந்த ஊர்களுக்குத் தேவை.

பாடத்திட்டம் பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது, நாம் என்ன செய்ய முடியும் என்ற பதில் வரும். நியாயமான பதில்தான். ஆனால் அகமதிப்பெண் நம் கையில் இருக்கிறது. அதற்காக வாங்கும் அசைன்மென்ட்டில் பாதி ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது என்பதும் நமக்குத் தெரியும். அதில் ஒன்றை மாற்றினால் போதும். முதலாம் செமஸ்டரில் மாணவருக்கு ஒரு கரி மாதிரியும் ஒரு நோட்டும் கொடுங்கள். காற்றுப்படாத புட்டியில் பாதியை அடைத்து, தேதியிட்டு, துறையிலேயே வைத்திருங்கள். ஆறாம் செமஸ்டர் வைவாவில் அந்த நோட்டிலிருந்து மட்டும் கேள்வி கேளுங்கள். செலவென்று பார்த்தால் புட்டியும் அலமாரியில் ஒரு தட்டும்தான்.

பட்டறிவோடு வரும் மறுப்பு ஒன்று உண்டு: ஆசிரியர் மாறிவிடுவார், கௌரவ விரிவுரையாளருக்கு அடுத்த ஆண்டு பணி உறுதியில்லை, மூன்றாண்டுத் தொடர்ச்சியை யார் காப்பது? நோட்டு ஆசிரியருடையதாக இருந்தால் இந்தத் திட்டம் முதலாண்டோடு செத்துவிடும். எனவே அது துறையின் பதிவேடாக, துறைத்தலைவரின் பொறுப்பில் இருக்க வேண்டும். யார் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும்.

வரும் கல்வியாண்டில் இதைச் செய்து பார்க்கும் துறைகளுக்கு இவ்விதழில் பக்கம் ஒதுக்குகிறோம். வெற்றிக் கட்டுரை வேண்டாம். மாணவர் எடுத்த எண்களை, பொருந்தாதவற்றையும் சேர்த்து, அட்டவணையாக அனுப்புங்கள். கரி கிடைக்காத ஊரில் உப்பளம், தோல் பதனிடும் ஆலை, சாயப்பட்டறைக் கழிவுநீர் என்று உங்கள் வாசலில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தாலும், மூன்று ஆண்டுக்கும் அதை மாற்றாதீர்கள்.