படியளக்கும் சில்லு

தமிழில் 'படி' என்ற சொல்லுக்குப் பொருள்கள் பல. ஏறுவதற்கு வைத்ததும் படி, ஒன்றைப் பார்த்து எழுதிய நகலும் படி, அரிசி அளக்கும் பாத்திரமும் படி. ஆபீஸ் வாழ்க்கை வந்தபோது அந்த அரிசிப் படியும் கூடவே உள்ளே நுழைந்துவிட்டது. பயணப்படி, வீட்டு வாடகைப்படி, பஞ்சப்படி. வேலை கொடுப்பவரைப் 'படியளக்கிறவர்' என்று சொல்லும் வழக்கமும் நம்மிடம் உண்டு. இவற்றில் பஞ்சப்படி என்ற சொல் கொஞ்சம் அதிகமாகவே உண்மை பேசுகிறது. பஞ்சம் இருந்தால்தான் பஞ்சப்படிக்கு வேலை. வெளியே எல்லாருக்கும் எல்லாம் தாராளமாகக் கிடைத்தால், உள்ளே இருப்பவருக்குத் தனியாக அளந்து கொடுப்பதில் என்ன பெருமை?

கம்ப்யூட்டர் நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்குத் தரும் சலுகைகளைப் பற்றிக் கேள்விப்படும்போதெல்லாம் இந்தச் சொல்தான் நினைவுக்கு வருகிறது.

நான் குடியிருக்கும் பிரேசர் டவுன், 1898-ல் பெங்களூரைப் பிளேக் புரட்டிப்போட்ட பிறகு, தண்டுப் பகுதியின் நெரிசலைக் குறைக்க உருவான பேட்டை. மைசூர் மகாராஜாவுக்கு ஆசிரியராக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் அதற்கு. புலிகேசி நகர் என்று பெயர் மாறிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் ஆட்டோக்காரரிடம் பிரேசர் டவுன் என்றால்தான் வண்டி நகர்கிறது. இங்குள்ள பழைய தமிழ்க் குடும்பங்களில் எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல். என்று ஏதாவது ஒரு மூன்றெழுத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்களைப் பார்க்கலாம். 1940-லிருந்து 1954-க்குள் அடுத்தடுத்து வந்த நிறுவனங்கள் இவை. இந்தப் பெரியவர்கள் வாங்கிய சம்பளத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கேன்டீனைப் பற்றிப் பேசுவார்கள். மலிவு விலைச் சாப்பாடு, வீட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் கம்பெனி பஸ், கம்பெனி ஆஸ்பத்திரி, கம்பெனி குவார்ட்டர்ஸ். பெண் பார்க்கப் போன இடத்தில் இவையெல்லாம் சம்பளத்தைவிடப் பெரிய தகுதிகளாக இருந்த காலம் அது.

சாஃப்ட்வேர் கம்பெனிகள் இதையே வேறு அளவில் செய்தன. 1993-ல் பங்கு வெளியிட்ட இன்ஃபோசிஸ், 1994-ல் ஊழியர்களுக்குப் பங்கு தரும் திட்டத்தைக் கொண்டுவந்தது. மாதச் சம்பளக்காரர் முதலாளியின் லாபத்தில் பங்குதாரர் ஆகலாம் என்பது நடுத்தரக் குடும்பங்களுக்கு அதுவரை எட்டாத சங்கதி. பின்னால் வந்த பன்னாட்டு நிறுவனங்களில் கேன்டீன் 'ஃபுட் கோர்ட்' ஆயிற்று. உடற்பயிற்சிக் கூடமும் குழந்தைகள் காப்பகமும் சேர்ந்துகொண்டன. 2004-ல் பெங்களூரில் கடை விரித்த என்விடியாவின் பங்குத் திட்டம் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பொறாமையோடு பேசும் ஒன்று. ஊழியர் தன் சம்பளத்தில் ஒரு பகுதியை ஒதுக்கினால், பதினைந்து சதவீதத் தள்ளுபடியில் கம்பெனிப் பங்கு கிடைக்கும். அந்தத் தள்ளுபடியும் இரண்டு வருடம் வரை பின்னால் போய், குறைந்த விலையிலிருந்து கணக்கிடப்படும். 2025 அக்டோபரில் ஐந்து லட்சம் கோடி டாலர் மதிப்பைத் தொட்ட உலகின் முதல் கம்பெனி அது. அதன் பழைய ஊழியர்களுக்கு இது என்ன ஆகியிருக்கும் என்பதைப் பென்சில் இல்லாமலே கணக்குப் போடலாம்.

அந்தக் கம்பெனியின் பெயரை உலகறியச் செய்த பொருள் கிராபிக்ஸ் கார்டு. உள்ளே அளக்கும் படி நிரம்பி வழிந்த அதே வருடங்களில், வெளியே அந்தக் கார்டுக்கு வரிசை நின்றது.

வரிசை நமக்குப் புதிதல்ல. பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. டெலிபோனுக்கும் காஸ் இணைப்புக்கும் அதே கதைதான். இன்ஃபோசிஸை நிறுவியவர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி, ஒரு கம்ப்யூட்டரை இறக்குமதி செய்யும் அனுமதிக்காக எண்பதுகளில் எத்தனை முறை டெல்லிக்கு அலைய வேண்டியிருந்தது என்பதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். 1991-க்குப் பிறகு வரிசைகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. காசு இருந்தால் பொருள் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ஒரு தலைமுறை வளர்ந்தது.

அந்தத் தலைமுறைக்கு 2020 செப்டம்பரில் முதல் பாடம் கிடைத்தது. ஆர்.டி.எக்ஸ். 3080 என்ற கார்டை என்விடியா வெளியிட்டது. அமெரிக்காவில் 699 டாலர், இந்தியாவில் 71,000 ரூபாய் என்று விலை சொன்னார்கள். விற்பனை தொடங்கிய சில நிமிடங்களில் சரக்கு தீர்ந்தது. அதன் பிறகு அந்த விலை காகிதத்தில் மட்டும் இருந்தது.

இந்தக் கார்டு என்ன செய்கிறது? கம்ப்யூட்டர் திரையில் லட்சக்கணக்கான புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்பதை நொடிக்குப் பல தடவை கணக்கிட வேண்டும். கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் ஒரு கணித மேதை மாதிரி. எவ்வளவு கடினமான கணக்கையும் போடும், ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக. கிராபிக்ஸ் கார்டு ஆயிரக்கணக்கான குமாஸ்தாக்கள் உட்கார்ந்திருக்கும் கூடம். ஆளுக்கு ஒரு சின்னக் கூட்டல் பெருக்கல், எல்லாரும் ஒரே நேரத்தில். 1999-ல் வீடியோ கேம் ஆடுபவர்களுக்காகப் பிரபலமான இந்தக் குமாஸ்தாக் கூட்டம், வேறு வேலைகளுக்கும் ஆகும் என்று பிறகு தெரியவந்தது. எதீரியம் என்ற மறைநாணயத்தை 'வெட்டி' எடுக்கவும் இதே கணக்குகள்தான். செயற்கை நுண்ணறிவுக்குப் பாடம் நடத்தவும் இதே கணக்குகள்தான்.

கொரோனா ஊரடங்கில் வீட்டுக்குள் அடைபட்டவர்கள் கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்பினார்கள். இவ்வளவு நுட்பமான சில்லு செய்யும் நிறுவனங்கள் உலகிலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவை. மறைநாணயம் வெட்டுகிறவர்கள் கார்டுகளை மொத்தமாக அள்ளினார்கள். கடை திறந்த நொடியில் ஆளில்லாமல் ஆர்டர் போடும் புரோகிராம்களை வைத்து வாங்கிப் பதுக்கியவர்கள், தியேட்டர் வாசலில் பிளாக் டிக்கெட் விற்கிற மாதிரி விற்றார்கள். 71,000 ரூபாய்க் கார்டு இரண்டு மடங்குக்கு மேல் போனது. நியூஎக் என்ற அமெரிக்கக் கடை 2021 ஜனவரியில் குலுக்கல் முறை கொண்டுவந்தது. குலுக்கலில் ஜெயித்தவருக்குப் பரிசு, பணம் கொடுத்து வாங்கும் உரிமை! அடுத்த மாதம் வந்த 3060 கார்டில், மறைநாணயம் வெட்டும் வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் பூட்டை என்விடியாவே போட்டது. பிறகு தானே வெளியிட்ட ஒரு சோதனை மென்பொருளால் அந்தப் பூட்டைத் தெரியாமல் திறந்தும் விட்டது.

பெங்களூரில் கம்ப்யூட்டர் சாமான் என்றால் எஸ்.பி. ரோடு. சதர் பத்ரப்பா ரோடு என்பது முழுப்பெயர். டவுன் ஹாலுக்குப் பக்கத்தில், இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் தோள் உரசும் சந்துகளில், மதர்போர்டும் வயரும் காய்கறி மாதிரி குவிந்து கிடக்கும். எங்கள் தெருவில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், கல்லூரி புராஜெக்டுக்காக 2021-ல் அங்கே கார்டு தேடி அலைந்தாள். தமிழ்க் கையெழுத்தைக் கம்ப்யூட்டர் படிக்கவைக்கும் புராஜெக்ட். ஒரு கடையில் கார்டு இருந்தது. ஆனால் தனியாகத் தர மாட்டார்களாம். மானிட்டர், பெட்டி, பவர் சப்ளை எல்லாம் சேர்த்து முழு செட்டாக எடுத்தால்தான் உண்டு. காஸ் இணைப்பு வேண்டுமானால் அடுப்பையும் எங்களிடமே வாங்கு என்று சொன்ன ஏஜென்சிக்காரர்கள் எங்கும் போய்விடவில்லை என்று தெரிந்தது.

திரும்பி வந்தவள் என்னிடம் கேட்டாள். "அங்கிள், அந்த மாதிரி கம்பெனியில உங்களுக்கு யாரையாவது தெரியுமா? ஸ்டாஃப் யாராவது சொன்னா ஒண்ணு கெடைக்குமா?"

எனக்கு யாரையும் தெரியாது. அவள் அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்: "நாங்க போன் வாங்க எம்.பி.கிட்ட சிபாரிசுக்குப் போனோம். இவ சாஃப்ட்வேர்காரங்களத் தேடுறா." அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். வேடிக்கை அதோடு முடிந்தது. வாடகைக்கு எடுத்த ஒரு பழைய கம்ப்யூட்டரில் இரவெல்லாம் ஓட்டி, நினைத்ததில் கால்வாசியோடு புராஜெக்டைக் கொடுத்தாள்.

2022 செப்டம்பர் 15-ஆம் தேதி எதீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டது. கார்டு வைத்து வெட்டுவது அன்றோடு நின்றது. பழைய கார்டுகள் மார்க்கெட்டுக்கு வந்தன, விலை இறங்கியது. வரிசை கலைந்தது என்று நினைத்தபோது, அதைவிடப் பெரிய வரிசையில் பெரிய மனிதர்கள் வந்து நின்றார்கள்.

சென்னையில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவில் பர்பிளெக்ஸிட்டி நிறுவனத்தைத் தொடங்கியவர் அரவிந்த் ஸ்ரீநிவாஸ். மெட்டா நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் ஒருவரை வேலைக்கு அழைத்தபோது கிடைத்த பதிலை 2024-ல் ஒரு பேட்டியில் சொன்னார். உங்களிடம் பத்தாயிரம் எச்100 சில்லுகள் சேர்ந்த பிறகு வாருங்கள், பேசலாம் என்றாராம் அவர். எச்100 என்பது செயற்கை நுண்ணறிவுக்காகவே செய்த, ஒவ்வொன்றும் பல லட்ச ரூபாய் பெறும் சில்லு. மெட்டாவின் தலைவர் மார்க் ஸக்கர்பெர்க்கும் 2025-ல் இதையே வேறு மாதிரி சொன்னார். இப்போது வேலைக்கு வருகிற ஆராய்ச்சியாளர்கள் தங்களுக்குக் கீழே நிறைய ஆட்கள் வேண்டும் என்று கேட்பதில்லையாம். ஆட்கள் குறைவாகவும் சில்லுகள் அதிகமாகவும் வேண்டும் என்கிறார்களாம்.

கேன்டீனில் தொடங்கி, குவார்ட்டர்ஸ், பங்கு என்று வளர்ந்த படி, இப்போது சில்லாக அளக்கப்படுகிறது. பழைய சலுகைகளுக்கு வந்த கதியைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். 2023-ல் கூகுள் தன் ஊழியர்களுக்கான சிற்றுண்டி வசதிகளையும் புது லேப்டாப் கொடுப்பதையும் சுருக்கியது. 2024-ல் பதினைந்தாயிரம் பேரைக் குறைப்பதாக அறிவித்த இன்டெல், ஊழியர்களின் இலவசக் காபி டீயையும் நிறுத்தியது. சில மாதத்தில் மனம் இரங்கிக் காபியைத் திரும்பக் கொடுத்தது. காபி இல்லாத ஆபீஸை பெங்களூர்க்காரர்களால் கற்பனை செய்யவே முடியாது. ஆனால் கணக்குப் போடுகிறவர்களின் மேஜையில் காபியும் சில்லும் ஒரே பேரேட்டில்தான் வருகின்றன.

இதில் சாதாரண வாடிக்கையாளர் எங்கே? 2025 ஜனவரி இறுதியில் ஆர்.டி.எக்ஸ். 5090 வந்தது. இந்திய விலை 2,14,000 ரூபாய். அமெரிக்காவில் கடை வாசலில் கூடாரம் போட்டுப் படுத்துக் காத்திருந்தார்கள். அந்த வருட டிசம்பரில், கம்ப்யூட்டர் நினைவகம் செய்யும் மைக்ரான், சாதாரண மக்களுக்கு விற்றுவந்த 'க்ரூஷியல்' பிராண்டையே கைவிடுவதாக அறிவித்தது. செயற்கை நுண்ணறிவுக் கூடங்களுக்குப் பெரிய அளவில் விற்கும்போது, சில்லறை வியாபாரம் எதற்கு என்பதுதான் அதன் பொருள்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2024 மார்ச்சில் சுமார் 10,372 கோடி ரூபாயில் 'இந்தியா ஏஐ' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. முதலில் பத்தாயிரம் சில்லுகள் என்று இருந்த இலக்கு, 2025-க்குள் 38,000 ஆயிற்று. மணிக்குச் சுமார் 65 ரூபாய்க்கு ஆராய்ச்சியாளர்களும் சிறு நிறுவனங்களும் மாணவர்களும் இவற்றைப் பயன்படுத்த விண்ணப்பிக்கலாம். நெல்லுக்கும் சர்க்கரைக்கும் இருந்தது போல இதற்கும் ரேஷன் வந்துவிட்டது. கேலிக்குச் சொல்லவில்லை. தட்டுப்பாட்டுக் காலத்தில் ரேஷன்தான் நியாயமான ஏற்பாடு. பெங்களூரில் இருக்கும் சர்வம் நிறுவனம், இந்திய மொழிகளுக்கான மாதிரியை உருவாக்க 2025-ல் தேர்வானபோது 4,096 எச்100 சில்லுகள் அதற்கு ஒதுக்கப்பட்டன. சென்னை ஐ.ஐ.டி.யின் 'ஏஐ4பாரத்' குழு, அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்கும் 2023-ல் மொழிபெயர்ப்பு மாதிரியை வெளியிட்டு யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறது. நல்ல காரியங்கள்.

ஆனால் ரேஷன் கடை வைத்திருந்த அனுபவம் நமக்கு நிறைய உண்டு. மூட்டை கிடங்குக்கு வந்துவிட்டது என்பதும், கார்டுக்காரர் பையில் அரிசி விழுந்தது என்பதும் இரண்டு வேறு செய்திகள். நாலாயிரம் சில்லு கேட்டு மனுப் போடத் தெரிந்த நிறுவனத்துக்கு வழி தெரியும். நாற்பது மணி நேரம் மட்டும் வேண்டியிருக்கும் திருநெல்வேலிக் கல்லூரி மாணவிக்கு, இப்படி ஒரு ஏற்பாடு இருப்பதை யார் சொல்வார்கள்? எந்தப் பேராசிரியர் அவளுக்காக விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்வார்? கட்டடமும் பஸ்ஸும் ஹாஸ்டலும் காட்டி விளம்பரம் செய்யும் பொறியியல் கல்லூரிகள், லேபில் எத்தனை கார்டு, அதில் மாணவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் என்பதையும் அச்சிட்டால் என்ன? பெற்றோர்கள் அதைக் கேட்கத் தொடங்கினால் அச்சிடுவார்கள்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்பதால் இதில் எனக்கு ஒரு சுயநலமும் இருக்கிறது. தமிழை எந்திரம் எழுதப்போகிறதா என்ற கேள்வியெல்லாம் முடிந்த கதை. யாரிடம் கற்றுக்கொண்டு எழுதும் என்பதுதான் பாக்கி. பஞ்சப்படிக்கும் மாடிப்படிக்கும் வித்தியாசம் தெரிந்த ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும், தவறினால் திருத்த வேண்டும், திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு அவளுக்குத் தேவைப்படுவது ஒரு கார்டு, கொஞ்சம் கரண்டு, கொஞ்சம் நேரம். பெரிய கம்பெனியில் வேலை கிடைத்த பிறகுதான் அது கிடைக்கும் என்றால், அவள் கம்பெனி சொல்லும் வேலையைச் செய்வாள். தமிழ் அந்த வேலையாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.