எச்சரிக்கை யாருக்கு?

லியோனார்டு ஃபீனி என்ற இயேசு சபைக் குரு, 1940களில் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கல்லூரி மாணவர்களிடையே பெயர்பெற்ற பேச்சாளர். கத்தோலிக்கத் திருச்சபையில் சேராத எவருக்கும் மீட்பு கிடையாது என்று அவர் அடித்துப் பேசினார். யூதர், புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர் என்று யாருக்கும் அதில் விலக்கு இல்லை. 1949 ஆகஸ்டில் ரோமிலுள்ள திருச்சபைத் தலைமையிடமிருந்து பாஸ்டன் பேராயருக்கு ஒரு கடிதம் வந்தது. திருச்சபையின் போதனையை அதன் உண்மையான பொருளில் புரிந்துகொள்ளாமல் பேசுகிறார்கள் என்று ஃபீனியின் தரப்பை அது கண்டித்தது. விளக்கம் தர ரோமுக்கு வரச்சொன்னபோது அவர் போகவில்லை. அந்தக் கீழ்ப்படியாமைக்காக 1953இல் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார்.

ஃபீனி எதையும் தானாகப் புனைந்துவிடவில்லை. 1442இல் ஆயர்கள் கூடிய ஃபுளோரன்ஸ் சங்கம் வெளியிட்ட ஆணை, திருச்சபைக்கு வெளியே சாகும் பிற சமயத்தாருக்கும் யூதருக்கும் பிரிவினைக்காரருக்கும் நித்திய நெருப்புதான் என்று எழுதியிருக்கிறது. அதற்கும் மூலம், 3ஆம் நூற்றாண்டில் கார்த்தேஜின் ஆயராக இருந்த சிப்பிரியானின் வாக்கு: திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை.

அந்த வாக்கு பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டும். திருச்சபையிலிருந்து பிரிந்துபோன குழுக்கள் கொடுக்கும் திருமுழுக்கு செல்லுமா என்ற சண்டையில் சிப்பிரியான் எழுதியது அது. ரோமானியத் தெய்வங்களை வணங்கிய அண்டை வீட்டுக்காரரின் மறுமையைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. சகோதரர்களைவிட்டுப் பிரிந்து போகிறவர்களுக்கு, அதாவது கிறிஸ்தவர்களுக்கு, ஓர் ஆயர் விடுத்த எச்சரிக்கை அது. பின்னால் கிறிஸ்தவம் ரோமானியப் பேரரசின் மதமானது. உலகம் முழுவதும் நற்செய்தியைக் கேட்டுவிட்டது என்ற எண்ணம் ஐரோப்பாவில் நிலைபெற்றது. அதற்குப் பிறகும் நம்பாதவர் பிடிவாதத்தால்தான் நம்பவில்லை என்று கொண்டார்கள். உள்ளே இருப்பவருக்குச் சொன்னது வெளியே இருப்பவர்மீது தீர்ப்பாக மாறியது இப்படித்தான்.

அந்த எண்ணம் 1492இல் ஆட்டம் கண்டது. அட்லாண்டிக்குக்கு அப்பால் ஒரு கண்டமே இயேசுவின் பெயரைக் கேளாமல் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் வாழ்ந்திருந்தது தெரியவந்தது. சாலமன்காவில் கற்பித்த தொமினிக்கன் துறவி ஃபிரான்சிஸ்கோ தெ வித்தோரியா, நற்செய்தி காதில் விழாதவர் நம்பாததைப் பாவம் என்று சொல்ல முடியாது என்று 1539இல் வாதிட்டார். வாளோடு வந்து அரைகுறையாகச் சொன்ன நற்செய்தியை ஏற்காதவர்மீதும் குற்றம் சுமத்த முடியாது என்பதே அவர் வாதத்தின் கூர்மையான பகுதி. கேட்டவரின் பிழைக்கு முன்னால், சொன்னவரின் பிழையைப் பார்க்கச் சொன்னார் அவர்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய கோட்பாட்டு ஏடு, அறியாதவர்மீது குற்றமில்லை என்ற இந்தக் கருத்தை முறையான போதனையாக்கியது. தம் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாதிருந்தும், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி மனச்சான்றின்படி வாழ முயல்வோர் மீட்படைய முடியும் என்கிறது அதன் 16ஆம் எண். பலரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். இரண்டு எண்கள் முன்னால், 14ஆம் எண்ணில் இருப்பதைப் பலர் வாசிப்பதில்லை. திருச்சபையில் உடலால் இருந்து, அன்பில் நிலைத்திராதவர் மீட்படைவதில்லை. பெற்ற அருளுக்கேற்ப வாழாவிட்டால் அவருக்குக் கடுமையான தீர்ப்பு உண்டு. எச்சரிக்கை தன் பழைய முகவரிக்குத் திரும்பியது என்றே இதை நான் வாசிக்கிறேன்.

அப்படியானால் எல்லாச் சமயங்களும் ஒரே இடத்துக்குத்தான் போகின்றன என்று சொல்லிவிடலாமே என்பார்கள். என்னால் முடியாது. சைவர் தேடும் வீடுபேறும், பௌத்தர் தேடும் நிர்வாணமும், கிறிஸ்தவர் நம்பும் உயிர்த்தெழுதலும் ஒன்றே என்பவர் மூவரில் ஒருவர் சொல்வதையும் காதில் வாங்கவில்லை. காரல் ரானர் என்ற பெரும் இறையியலாளர் நல்மனத்தோரைப் 'பெயரறியாக் கிறிஸ்தவர்' என்று அழைத்ததும் எனக்கு உவப்பில்லை. கடவுளின் அருளுக்கு எல்லை கட்டக்கூடாது என்ற அக்கறையில் சொன்னதுதான். ஆனாலும் ஓர் இஸ்லாமியர் ஏற்காத பெயரை அவருக்குச் சூட்டி அவரை மோட்சத்துக்கு அனுப்பும் உரிமை நமக்கு இல்லை.

இந்த விவாதத்தில் தமிழ் மண்ணுக்கும் பங்கு உண்டு. 1938 டிசம்பரில் அகில உலக மிஷனரி மாநாடு தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் கூடியது. விவிலிய வெளிப்பாட்டுக்கும் பிற சமயங்களுக்கும் இடையே தொடர்ச்சியே இல்லை என்ற வாதத்தோடு டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர் வந்தார். புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியாக இருந்த செஞ்சையாவும், பின்னாளில் சென்னை மேயரான வி. சக்கரையும் அடங்கிய குழு அதற்கு மறுப்பாகவே ஒரு நூலைக் கொண்டுவந்தது. இந்துக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்துவிடம் வந்தவர்கள் அவ்விருவரும். தம்மைக் கிறிஸ்துவிடம் கொண்டுசேர்த்த தேடலை வளர்த்த மரபை இருள் என்று தள்ள அவர்கள் மறுத்தார்கள். பின்னாளில் அதே திசையில், இந்தியாவில் பல ஆண்டுகள் இறையியல் கற்பித்த பெல்ஜிய இயேசு சபைக் குரு ழாக் துப்புய், பிற சமயங்களுக்கும் கடவுளின் திட்டத்தில் இடம் உண்டு என்று 1997இல் எழுதினார். ரோம் அவரை விசாரித்து, நூலில் தெளிவின்மைகள் உண்டு என்று 2001இல் அறிவித்தது. ஃபீனியின் பக்கமும் போகாமல் எல்லாம் ஒன்றே என்றும் சொல்லாமல் நிற்பது ரோமுக்கே எளிதாக இல்லை.

அப்படியானால் நற்செய்தி அறிவிப்பது எதற்கு? 1975இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இதற்குச் சொன்ன பதில் எனக்கு நிறைவு தருகிறது. நாம் அறிவிக்காவிட்டாலும் கடவுள் தம் இரக்கத்தால் மற்றவரை மீட்க முடியும். சோம்பலாலோ அச்சத்தாலோ வெட்கத்தாலோ அறிவிக்காமல் இருந்தால் நாம் மீட்படைவோமா என்பதே அவர் எழுப்பிய கேள்வி. மீட்புப் பெறுவோர் சிலர்தானா என்று ஒருவர் கேட்டபோது இயேசுவும் எண்ணிக்கை சொல்லவில்லை. இடுக்கமான வாயிலில் நுழையப் பாடுபடுங்கள் என்று கேட்டவர்களிடமே திருப்பினார். லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் இருக்கிறது அது.

தமிழ்நாட்டில் தாத்தா இந்துவாகவும் பேரன் கிறிஸ்தவராகவும் இருக்கும் வீடுகள் ஏராளம். அந்தத் தாத்தா இறந்தால் அவர் எங்கே போனார் என்ற கேள்வி பேரனுக்கு வரும். நரகம் என்று மேடையில் முழங்கும் பிரசங்கியாரின் குரல் அவன் காதுக்கு எப்படியும் எட்டிவிடுகிறது. பங்குக் குரு சங்கடப்பட்டு மௌனம் காப்பதே வழக்கமாக இருக்கிறது. அவர் புதிய இறையியல் எதையும் உருவாக்க வேண்டியதில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் எழுதிய அந்த இரண்டு எண்களையும் ஞாயிறு மறையுரையில் சேர்த்து வாசித்து, பதினாறாவதைப் பேரனுக்கும், பதினான்காவதைப் பீடத்தின்முன் அமர்ந்திருக்கும் எல்லாருக்கும் விளக்கினால் போதும்.