பெயரும் ஒரு வாக்குறுதியே

இயங்குதளத்தின் கெர்னல் நிரலில் செயற்கூறுகளுக்குப் பெயரிடுவதை ஓர் ஒப்பனை வேலையாகவே கருதும் போக்கு இந்தியப் பொறியியல் கல்லூரிகளில் பரவலாக உள்ளது. ஆய்வகத் தேர்வில் வெளியீடு சரியாக வந்தால் மதிப்பெண் கிடைத்துவிடும். அழைப்பவருக்குச் செயற்கூற்றின் பெயர் எதை உணர்த்துகிறது என்று கேட்பவர் அரிது. ஆனால், சாதாரணச் செயலியின் பிழை பெரும்பாலும் அந்தச் செயலியோடு முடிந்துவிடும். கெர்னலின் பிழையோ முழுக் கணினியையும் பிறர் கையில் ஒப்படைத்துவிடக்கூடும்.

ஒரு காலத்தில் சுருக்கம் கட்டாயமாக இருந்தது. 1989-ஆம் ஆண்டின் சி மொழித் தரநிலை, வேறு கோப்புகளோடு இணையும் பெயர்களில் முதல் 6 எழுத்துகள் வேறுபடுத்தி அறியப்படும் என்று மட்டுமே உறுதியளித்தது. 1999-இல் அது 31 ஆயிற்று. தேவை நீங்கிய பின்னும் பழக்கம் நீங்கவில்லை.

தெளிவு என்பது நீளமும் அன்று. சுழற்சிக்குள் வாழ்ந்து மறையும் மாறிக்கு ‘ஐ’ என்ற ஓரெழுத்தே போதும். எங்கிருந்தும் அழைக்கப்படும் செயற்கூற்றுக்குத்தான் விளக்கமான பெயர் வேண்டும் என்கிறது லினக்ஸ் கெர்னலின் நிரல் நடைக் கையேடு. அதன் இன்னொரு விதி மேலும் கூர்மையானது. பெயர் ஏவலாக இருந்தால் செயற்கூறு பிழை எண்ணைத் திருப்ப வேண்டும். அங்கே வெற்றிக்கு அடையாளம் சுழியம். பெயர் ஆம், இல்லை என்று விடை கூறத்தக்கதாக இருந்தால் மெய், பொய் மதிப்பைத் திருப்ப வேண்டும். அதாவது, பெயரின் இலக்கணமே விடையின் பொருளைத் தீர்மானிக்கிறது.

இவ்விதி தளரும் இடத்தில் பிழை முளைக்கிறது. ‘காப்பி_டு_யூசர்’ என்பது ஏவல் வடிவப் பெயர். ஆனால் அது திருப்புவது பிழை எண்ணை அன்று; நகலெடுக்க முடியாமல் எஞ்சிய பைட்டுகளின் எண்ணிக்கையை. ‘ரீட்’ அழைப்பை எழுதும் ஒருவர் அதன் விடையை அப்படியே திருப்பி அனுப்பினால், 12 பைட்டுகள் நகலாகவில்லை என்ற தோல்வி, 12 பைட்டுகள் படிக்கப்பட்டன என்ற வெற்றிச் செய்தியாகப் பயனரைச் சென்றடையும்.

நல்ல பெயர் மட்டும் போதுமா என்ற மறுப்பு நியாயமானது. ‘அன்சேஃப்_புட்_யூசர்’ என்ற பெயர் தன் ஆபத்தைத் தானே அறிவிக்கிறது. ஆயினும் 2017-இல் வெளியான லினக்ஸ் 4.13-இல், ‘வெயிட்ஐடி’ அழைப்பு அதைப் பயன்படுத்தியபோது, முகவரி பயனர் பகுதிக்குள் உள்ளதா என்று பார்க்கும் ‘அக்சஸ்_ஓகே’ சோதனை விடுபட்டது. அதனால் சாதாரணப் பயனர் ஒருவர் கெர்னலின் நினைவகத்திலேயே எழுத வழி பிறந்தது. பெயர் ஆபத்து உண்டு என்றது. எந்தக் காவல் தேவை என்று சொல்லவில்லை. பயனர் நினைவக அணுகலைத் தொடங்கி வைக்கும் ‘யூசர்_அக்சஸ்_பிகின்’ என்ற பெயரும் அந்தச் சோதனை உள்ளே நடப்பதாக எண்ண இடமளித்தது. 2019-இல் அச்சோதனை அதற்குள்ளேயே சேர்க்கப்பட்டது. பெயர் எழுப்பிய எதிர்பார்ப்பைச் செயல் நிறைவேற்றியது.

பெயர் ஒரு வாக்குறுதி என்பதே இதன் பாடம். வாக்குறுதியைத் திருத்தலாம், அல்லது அதைக் காப்பாற்றும்படி செயலைத் திருத்தலாம்; இரண்டையும் முரண்பட விடுவதுதான் குற்றம். பல்லாயிரம் இடங்களில் அழைக்கப்படத் தொடங்கிய பின் திருத்துவது பெரும்பாடு. ஆகவே அந்த அக்கறை முதல் நாளிலேயே வேண்டும்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத இந்திய மாணவர்களுக்கு இது இருமடங்கு பொருந்தும். சிதைத்துச் சுருக்கிய சொல்லை அவர்களால் அகராதியில்கூடத் தேட முடியாது. இயங்குதள ஆய்வகத் தேர்வில் ஒரு வினாவையேனும் இதற்கென ஒதுக்கலாம்: உடல் மறைக்கப்பட்ட ஒரு செயற்கூற்றின் பெயரை மட்டும் காட்டி, அது எதைத் திருப்பும், அழைக்கும் முன் எதைச் சோதிக்க வேண்டும் என்று கேட்கலாம். விடை கூற இயலாவிட்டால், குறை மாணவரிடமா பெயரிலா என்பதையும் அவரே வாதிடட்டும்.