200 மணித்தியாலம் பறந்த பிறகு

"பைலட்டுக்குப் படிச்சு முடிச்சாச்சு, இனி என்ன குறை?" என்று ஊரில் கேட்கிறார்கள். எங்கள் நண்பன் இரத்மலானையில் பயிற்சி முடித்து வந்தவன். அதற்காக வீட்டில் ஒரு காணி போனது. இப்போது பின்னேரங்களில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறான்.

வணிக விமானி உரிமத்துக்குச் சுமார் 200 மணித்தியாலம் போதும். அது சின்ன செஸ்னாவில் பறந்த கணக்கு. ஏர்பஸ் ஏ320 ஓட்ட அந்த ரகத்துக்கென்றே தனிப் பயிற்சி, தனிக் காசு. அதையும் கட்டி முடித்தால், "இதில எத்தனை மணித்தியாலம் ஓடியிருக்கிறீர்?" என்பார்கள். வேலை தராமல் அனுபவம் கேட்டால் எங்கே போவது? சும்மா இருந்தாலும் செலவுதான். மருத்துவச் சான்றிதழை வருடாவருடம் புதுப்பிக்க வேணும்.

கலைப்பீடத்து எங்களுக்கும் இந்தக் கேள்வி காத்திருக்கிறது. ஆனால் எங்கள் பட்டத்துக்காக யாரும் காணி விற்கவில்லை. அவன் கடனோடு காத்திருக்கிறான்.

வானத்தைக் காட்டி விளம்பரம் போடும் பயிற்சிப் பள்ளிகள், முடித்தவர்களில் எத்தனை பேர் இன்று விமானி அறையில் இருக்கிறார்கள் என்பதையும் அதிலேயே போடட்டும். விமான நிறுவனங்கள் தமக்குத் தேவையானவர்களைத் தாமே பயிற்றுவித்து, செலவைச் சம்பளத்தில் கழிக்கட்டும்.

அதுவரைக்கும் அவனிடம், "இன்னும் பறக்கேல்லையோ?" என்று கேட்காமலாவது இருப்போம்.