லூசியம்மாளைத் துறந்த கிராமம்

ஸ்லோவேனியா தேசத்தின் மேற்குப் பகுதியில், ஜூலியன் ஆல்ப்ஸ் மலைகளிலிருந்து மரகத வர்ணத்தோடு இறங்கிவரும் சோச்சா நதியை இத்ரீத்சா ஆறு வந்து தழுவும் சங்கமத்தின்மேல், மோஸ்த் நா சோச்சி என்றொரு சிறு கிராமம் உண்டு. சோச்சாவின் மேலுள்ள பாலம் என்பதே அப்பெயரின் பொருள். பாலம் இருக்கிறது; ஆகவே பெயரில் பொய்யில்லை. ஆனால் 1948-ல் யுகோஸ்லாவியக் கம்யூனிஸ்டு ஆட்சியில் பிறந்த ஊர்ப்பெயர்ச் சட்டத்தின் பலத்தால், மதச்சாயல் கொண்ட பெயர்களையெல்லாம் களைந்துவந்த அதிகாரிகள் 1955-ல் இட்ட பெயர் அது என்பதையும், அதற்கு முன்பு அர்ச்சியசிஷ்ட லூசியம்மாளின் நாமமே அவ்வூருக்கு வழங்கிவந்தது என்பதையும் அறிகிறவர்களுக்கு, அந்தப் பாலத்தின்மேல் சற்றே நின்று யோசிக்கத் தோன்றும். (இத்தாலியர் 1930-களில் கட்டிய அணையினால் சங்கமமே ஏரியாகத் தேங்கிவிட்டபடியால், பாலத்தின் அடியில் சோச்சா பழையபடி ஓடவும் இல்லை என்பது வேறு விஷயம்.)

அந்தப் பள்ளத்தாக்கின் ஜனங்கள் ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தின் பிரஜைகளாக இருந்தார்கள். முதல் மகாயுத்தத்தில் அந்நதிக்கரையில் நடந்த பன்னிரண்டு போர்களுக்குப் பின் இத்தாலியின் வசமானார்கள். அடுத்த யுத்தத்துக்குப் பின் யுகோஸ்லாவியாவைச் சேர்ந்தார்கள். 1991-ல் சுதந்தர ஸ்லோவேனியாவைக் கண்டார்கள். முஸோலினியின் ஆட்சி ஊர்ப்பெயரை இத்தாலிய பாஷையில் மாற்றி எழுதியபோதும் லூசியம்மாளை விட்டுவைத்தது. பின்வந்த ஆட்சியோ பாஷையை மீட்டுத் தந்து அம்மாளை அகற்றியது.

இதில் எனக்கு மிகவும் விசித்திரமாகப் படுவது புதைபொருள் ஆராய்ச்சியாளர்களின் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திரியெஸ்தே நகரத்து மார்கெஸெத்தியும், வியன்னாவிலிருந்து வந்த ஸோம்பாதியும் அவ்வூரில் அகழ்ந்தபோது, கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த இரும்புக்கால மக்களின் சமாதிகள் ஆயிரக்கணக்கில் வெளிப்பட்டன. இறந்தோரை எரித்துச் சாம்பலைப் புதைத்த அந்த மக்களுக்கு, அவர்கள் கனவிலும் அறிந்திராத, கி.பி. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிசிலித் தீவின் சிராகூஸாவில் உயிர்த்தியாகம் செய்த ஒரு கன்னிகையின் பெயரைச் சூட்டி, 'சாந்தா லூசியாப் பண்பாடு' என்று உலகத்துப் பண்டிதர்கள் எழுதலானார்கள். இன்றும் அப்படித்தான் எழுதுகிறார்கள். 1984-85-ல், கம்யூனிஸ்டு ஆட்சி நிலைத்திருந்த காலத்திலேயே, ஸ்லோவேனிய, இத்தாலிய அறிஞர்கள் சேர்ந்து அச்சமாதிகளைப் பற்றி லியூப்லியானாவில் வெளியிட்ட பெருநூலின் தலைப்பில் இரண்டு பெயர்களும் சேர்ந்தே நிற்கின்றன. அரசாங்கம் அழித்த பெயரை அரும்பொருட்சாலை காப்பாற்றியது.

சுதந்தரத்துக்குப் பின், ஸ்வேத்தி யூரி முதலிய சில ஊர்கள் தங்கள் புனிதர்களின் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டன; இக்கிராமம் பெறவில்லை. புதிய பெயரைப் பெயர்த்தெறிய வேண்டும் என்பது என் அபிப்பிராயமன்று. அந்தப் பெயரோடு பிறந்து வளர்ந்து, அதையே தம் முகவரியாகக் கொண்ட தலைமுறைகள் அங்கே இருக்கின்றன. ரயில் நிலையத்துக்கும் அதுவே பெயர். மறுபடியும் மேலிருந்து ஓர் உத்தரவு வந்து மாற்றுமாயின், அது முன்னதைப் போன்ற அக்கிரமமே ஆகும். ஆனால் ஊரின் எல்லைப் பலகையில் பழைய பெயருக்கும் ஒரு வரி ஒதுக்க ஊரார் தீர்மானிப்பார்களானால், அதனால் மதச்சார்பின்மைக்கு எந்தப் பங்கமும் நேர்ந்துவிடாது. அறிஞர்கள் நூலில் செய்ததைக் கிராமமும் தன் வாசலில் செய்ததாகும்.