மாலத்தீவுக்குப் போகும் முட்டையில் நம் பங்கு

2024 ஏப்ரலில் இந்திய அரசின் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. 2024-25ஆம் ஆண்டில் மாலத்தீவுக்கு 42.75 கோடி முட்டை, 1.24 லட்சம் டன் அரிசி, 1.09 லட்சம் டன் கோதுமை மாவு, 64 ஆயிரம் டன் சர்க்கரை, 35 ஆயிரம் டன் வெங்காயம், 21 ஆயிரம் டன் உருளைக்கிழங்கு அனுப்பலாம். இந்தப் பொருள்களின் ஏற்றுமதிக்கு எந்தத் தடை வந்தாலும் இந்த அளவை அது கட்டுப்படுத்தாது. 1981இல் இரு நாடுகளும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி ஆண்டுதோறும் வருவதுதான் இது. ஆனால், அந்த ஏற்பாடு தொடங்கிய நாளிலிருந்து அதுவரை அவ்வளவு அதிகமாக ஒதுக்கியதில்லை.

அது எப்படிப்பட்ட நேரம் என்பதையும் பார்க்க வேண்டும். ‘இந்தியாவே வெளியேறு’ என்ற முழக்கத்தின் பின்னணியில் 2023இல் முகமது முய்சு அங்கே அதிபரானார். 2024 ஜனவரியில் நம் பிரதமரை இழிவாகப் பேசியதற்காக மூன்று துணை அமைச்சர்கள் பதவியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். இங்கே ‘மாலத்தீவைப் புறக்கணிப்போம்’ என்ற பதிவுகள் கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்தன. அங்கிருந்த இந்திய ராணுவத்தினர் மே 10க்குள் வெளியேற வேண்டும் என்று கெடு விதிக்கப்பட்டிருந்தது. இந்தக் கொதிப்புக்கு நடுவில்தான் முட்டைக் கணக்கு கூடியது. சண்டை பேச்சோடு நின்றது. சாப்பாட்டில் யாரும் கை வைக்கவில்லை.

டெல்லியின் இந்த நிதானத்தில் நாமக்கல் மாவட்டத்து மல்லசமுத்திரத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நாட்டின் முட்டை ஏற்றுமதியில் பெரும்பகுதி நாமக்கல் மாவட்டத்துப் பண்ணைகளிலிருந்து போகிறது. குளிரூட்டப்பட்ட 40 அடி கன்டெய்னர் ஒன்றில் சுமார் 4.7 லட்சம் முட்டை ஏறும். மேலே சொன்ன ஒதுக்கீடு முழுவதும் போனால் அது சுமார் 900 கன்டெய்னர். நாளொன்றுக்கு 11 லட்சம் முட்டைக்கு மேல். சுமார் 5 லட்சம் மக்களும், ஆண்டுக்கு 20 லட்சம் சுற்றுலாப் பயணிகளும் சாப்பிடும் அந்தத் தீவுகளில் மொத்த நிலப்பரப்பே சுமார் 300 சதுர கிலோமீட்டர்தான். சோளம் விளைய நிலமில்லை, தீவனத்துக்கு வழியில்லை. அந்த நாட்டின் காலைச் சாப்பாடு கொங்குச் சமவெளியின் கோழி ஷெட்டுகளை நம்பியிருக்கிறது.

ஆகவே, ஒரு சிறிய நாட்டோடு நாம் வைத்திருக்கும் உறவை வெளியுறவு அமைச்சகத்தின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. பண்ணையாளர், வியாபாரி, அதிகாரி, கட்சிக்காரர், வாக்காளர் எல்லோருக்கும் அதில் பொறுப்பு உண்டு.

முதலில் பண்ணை. மல்லசமுத்திரத்தில் கூட்டுறவுச் சங்கத்தின் பருத்தி ஏலம் நடக்கும் நாளில் வியாபாரி என்ன செய்கிறார்? மூட்டையின் மேல்பரப்பைப் பார்த்து விலை சொல்வதில்லை. கையை உள்ளே விட்டு, நடுவிலிருந்து ஒரு பிடி பஞ்சை இழுத்து, ஈரம் இருக்கிறதா, இழை நீளுமா என்று பிரித்துப் பார்க்கிறார். ஒரு மூட்டையில் ஈரம் தட்டினால் பக்கத்து மூட்டைக்காரரையும் சந்தேகமாகத்தான் பார்ப்பார். முட்டையிலும் அப்படியே. மருந்து கொடுத்த கோழியின் முட்டையை, குறித்த நாள் கழியும் முன்பே யாரோ ஒருவர் லோடு ஏற்றினால், துறைமுகத்துப் பரிசோதனையில் கெடுவது அவர் பெயர் மட்டுமல்ல, மாவட்டத்தின் பெயர். தடுப்பூசிப் பதிவேடு, மருந்துப் பதிவேடு, பண்ணைச் சுகாதாரம் ஆகியவற்றை அதிகாரி வரும் நாளுக்கான காகிதமாக வைத்திருக்கக் கூடாது.

அடுத்தது வியாபாரம். உள்ளூரில் விலை ஏறும்போது ஏற்றுமதி ஒப்பந்தத்தைக் கிடப்பில் போடுவதும், விலை இறங்கும்போது வெளிநாட்டை நினைப்பதும் நம்மிடம் உள்ள பழக்கம். முட்டைக்கு நம்மை நம்பியிருக்கும் நாட்டுக்கு இரண்டு வாரம் சரக்கு நின்றால் அது தட்டுப்பாடு. அதேபோல், அறிவித்த விலைக்கும் கீழே ‘மைனஸ்’ போட்டுப் பண்ணையாளரிடம் வாங்கிவிட்டு, அவரிடமே ஏற்றுமதித் தரத்தை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. லாபத்தில் ஒரு பங்கு கீழே இறங்கினால்தான் தரம் மேலே ஏறும்.

மூன்றாவது அரசு. நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நிபுணர்கள் இருக்கும் இடத்தில் பரிசோதனை முடிவு விரைவாகக் கிடைக்க வேண்டும். 2020 செப்டம்பரில் தூத்துக்குடி, கொச்சி வழியாக மாலேவுக்கு நேரடிச் சரக்குக் கப்பல் சேவை தொடங்கப்பட்டது. இப்படிப்பட்ட சேவையைத் தொடங்கி வைப்பது எளிது. சரக்கு குறைந்த மாதத்திலும் தொய்வில்லாமல் ஓட வைப்பதுதான் கடினம்.

இனி, வட்டாரக் கூட்டமைப்பு. 1985 டிசம்பர் 8 அன்று டாக்காவில் சார்க் அமைப்பு பிறந்தபோதே மாலத்தீவு அதில் உறுப்பினர். 2011இல் தன்னுடைய அட்டுத் தீவில் உச்சி மாநாட்டையும் நடத்தியது. 2014இல் காத்மாண்டுவில் கூடிய தலைவர்கள் அதன்பின் உச்சி மாநாட்டுக்குக் கூடவே இல்லை. 2016இல் இஸ்லாமாபாத்தில் நடக்கவிருந்த மாநாடு உரி தாக்குதலுக்குப் பின் கைவிடப்பட்டது. சார்க் நாடுகளுக்கிடையே தடையற்ற வர்த்தக உடன்பாடு 2006இல் நடைமுறைக்கு வந்தும், தெற்காசிய நாடுகளின் மொத்த வர்த்தகத்தில் அவர்களுக்குள் நடப்பது 5 சதவீத அளவுதான். ஆசியானில் அது 20 சதவீதத்துக்கும் மேல்.

சார்க் செத்துவிட்டது என்று சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2024இல் அந்நியச் செலாவணி கரைந்து மாலத்தீவு தத்தளித்தபோது, அக்டோபரில் ரிசர்வ் வங்கி 40 கோடி டாலரும் 3,000 கோடி ரூபாயும் தர முன்வந்தது சார்க் நாணயப் பரிமாற்றத் திட்டத்தின் கீழ்தான். மேடை காலியாக இருந்தாலும் அமைப்பின் ஒரு கை வேலை செய்துகொண்டிருக்கிறது. இரு நாட்டு உறவு மட்டுமே இருந்தால் சிறிய நாடு ஒவ்வொரு முறையும் பெரிய நாட்டின் மனநிலையைப் பார்த்து நிற்க வேண்டும். கூட்டமைப்பின் விதியாக இருந்தால் உரிமையோடு கேட்கலாம். சிறியவருக்குத்தான் விதி அதிகம் தேவை.

‘நாம் கொடுக்கிறோம், அவர்கள் சீனாவின் பக்கம் சாய்கிறார்கள்’ என்ற மனக்குறை பலருக்கு உண்டு. சீனாவோடு மாலத்தீவு செய்த தடையற்ற வர்த்தக உடன்பாடு 2025 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்ததும் உண்மை. ஆனால், நாம் அனுப்பும் முட்டை இலவசமில்லை. காசு கொடுத்து வாங்குகிறார்கள். 2025 ஜூலையில் பிரதமர் மாலே சென்றபோது அறிவித்த 4,850 கோடி ரூபாயும் திருப்பிக் கட்ட வேண்டிய கடன். 2014 டிசம்பரில் மாலேயின் குடிநீர் ஆலை தீப்பிடித்தபோது விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் கொண்டுபோனோமே, அதுதான் உதவி. செய்த உதவியைச் சொல்லிக் காட்டினால் அதன் மதிப்பு போய்விடும். விற்ற பொருளை உதவி என்று சொன்னால் வாங்கியவருக்குக் கோபம் வரும்.

அதற்காக நம் குறைகளைப் பேசக்கூடாது என்பதில்லை. 2023 அக்டோபரில் தூத்துக்குடி மாவட்டத்துத் தருவைகுளம் மீனவர்கள் 12 பேரை மாலத்தீவுக் கடலோரக் காவல் படை பிடித்தது. அத்தகைய பிரச்சினையை மேசையில் உட்கார்ந்து பேசி, படகையும் ஆளையும் மீட்கும் நிலையான வழிமுறை வேண்டும். மாலத்தீவு அரசியல்வாதிகளும், வாக்குக்காக இந்திய வெறுப்பைக் கிளப்பிவிட்டுப் பிறகு கைநீட்டும் பழக்கத்தை விட வேண்டும். பொறுப்பு அந்தப் பக்கமும் உண்டு.

கட்சிகள் ஒன்றுபட முடியுமா என்ற ஐயத்துக்கு நம் தமிழ்நாட்டுச் சட்டமன்றமே பதில் சொல்லியிருக்கிறது. 2022 ஏப்ரல் 29இல், பொருளாதார நெருக்கடியில் தவித்த இலங்கைக்கு உதவ மத்திய அரசின் அனுமதி கோரி ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. 40 ஆயிரம் டன் அரிசி, 500 டன் பால் பவுடர், மருந்துகள் என 123 கோடி ரூபாய் மதிப்பில் திட்டமிடப்பட்டு, மே மாதம் சென்னையிலிருந்து முதல் கப்பல் கிளம்பியது. தமிழர், சிங்களர் என்று பிரிக்காமல் எல்லா மக்களுக்கும் போனது. மாநிலம் கேட்டது, மத்திய அரசு இசைந்தது, ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்து நின்றன.

அந்த ஒற்றுமை பஞ்ச காலத்துக்கு மட்டும் உரியதாக இருக்கக் கூடாது. அண்டை நாட்டைக் கேலி செய்யும் பேச்சுக்குக் கைதட்டல் வாங்குவதில்லை என்று நம் மாவட்டத்துக் கட்சிகள் எல்லாம் முடிவெடுக்கட்டும். பண்ணையாளர் சங்கங்களும் ஏற்றுமதியாளர்களும் கால்நடைத் துறையும் ஆண்டுக்கொரு முறையாவது ஒன்றாக உட்கார்ந்து தரத்தையும் விலையையும் பேசட்டும். சார்க் மீண்டும் கூட வேண்டும் என்று நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அவையில் கேட்கட்டும். வாசகர்களாகிய நாம், ஒரு நாட்டையே புறக்கணிக்கச் சொல்லும் பதிவு கைக்கு வந்தால், அதை அடுத்தவருக்கு அனுப்பாமல் நிறுத்துவோம்.