பார்த்ததை எழுதுங்கள்



பிளஸ் டூ படிக்கும் பேத்தி ஒளிமின் விளைவை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். "ஐன்ஸ்டீன் சொன்னார், நிரூபணம் ஆயிடுச்சு. அஞ்சு மார்க், தாத்தா" என்றாள். நிரூபித்தது யார் என்று கேட்டேன். தெரியவில்லை. அவரைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும் என்பேன் நான்.

உலோகத்தின் மேல் தகுந்த ஒளி பட்டால் எலக்ட்ரான்கள் வெளியேறும். ஒளி வெறும் அலை என்றால், வெளிச்சத்தைக் கூட்டினால் அவற்றின் வேகமும் கூட வேண்டும். கூடவில்லை, எண்ணிக்கைதான் கூடியது. வேகமோ ஒளியின் அதிர்வெண்ணைப் பொறுத்திருந்தது. ஒளி சிறு சிறு ஆற்றல் பொட்டலங்களாக வருகிறது என்று 1905-இல் ஐன்ஸ்டீன் விளக்கினார்.

அமெரிக்காவின் ராபர்ட் மில்லிகன் இதை நம்பவில்லை. தவறாகத்தான் இருக்கும் என்று எண்ணியே பல ஆண்டுகள் சோதித்தார். காற்று பட்டால் சோடியத்தின் மேல் மாசு படியும். அதனால் காற்றில்லாத கண்ணாடிக் குழாய்க்குள்ளேயே கத்தியை வைத்து, வெளியிலிருந்து காந்தத்தால் இயக்கிச் சீவினார். 1916-இல் அவர் வெளியிட்ட முடிவு: ஐன்ஸ்டீனின் சமன்பாடு சரி! பொட்டலக் கருத்தை அப்போதும் அவர் மனம் ஏற்கவில்லை. ஆனாலும் கண்ட அளவை மறைக்கவில்லை.

பருப்பொருளுக்கும் அலைத்தன்மை உண்டு என்று 1924-இல் டி பிராய் சொன்னார். அதற்குச் சான்று தந்ததும் இப்படி ஒரு நேர்மைதான். 1925-இல் டேவிசனும் ஜெர்மரும் செய்த சோதனையில் குழாய்க்குள் காற்று புகுந்து நிக்கல் துண்டு கெட்டது. சூடாக்கிச் சரிசெய்தபின் அளவுகள் பழையபடி வரவில்லை. அதை ஒதுக்காமல் காரணம் தேடினார்கள். 1927-இல் எலக்ட்ரானின் அலைத்தன்மை உறுதியாயிற்று.

இனி என் கதை. எட்டாம் வகுப்பில் தண்ணீரின் கொதிநிலையை அளக்கச் சொன்னேன். ஒரு மாணவன் 97 என்று எழுதினான். நான் சிவப்பு மையால் அடித்து 100 என்று திருத்தினேன். வெப்பமானியில் குறையா, வேறு காரணமா என்று அவனோடு சேர்ந்து தேடியிருக்க வேண்டும். தேடவில்லை. புத்தகத்தில் உள்ள விடை போதும் என்று ஒரு வகுப்புக்கே அன்று கற்றுக்கொடுத்துவிட்டேன்.

தம்பி, இதைப் படித்தால், நீ பார்த்ததை எழுதியதுதான் சரி. திருத்திய ஆசிரியர்தான் தவறு.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், பெற்றோர்கள். பிள்ளைகளின் செய்முறை நோட்டில் புத்தகத்தோடு ஒத்துப்போகாத விடை இருந்தால், சிவப்பு பேனாவை எடுப்பதற்கு முன் "ஏன்?" என்று ஒரு முறை கேளுங்கள்.